மழலை தந்த மறைஞானம்

பெற்றோரே குழந்தைக்குச் சமயம் புகட்டுவர் என்பது பொதுவழக்கு. ஜெர்மனியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் இல்வாழ்வோ, கற்பித்தவரே கற்றவருமானார் எனக் காட்டுகின்றது.

1528 ஆம் ஆண்டில், எட்டுத் திங்களும் நிறையாத மகள் எலிசபெத்தை அவர் இழந்தார். தந்தையின் நெஞ்சம் பிள்ளைகள்பால் இத்துணை இளகுமென முன்னர் எண்ணியதில்லை என நண்பருக்கு எழுதினார்.

மறு ஆண்டு, மகன் ஹான்ஸ் மூன்று வயதை அணுகிய வேளை, அவரது 'சிறிய ஞானோபதேசம்' வெளிவந்தது. அதில் ஒவ்வொரு கட்டளையின் பின்னும் எழுவது, மழலையர் ஓயாது தொடுக்கும் 'இது என்ன?' என்ற வினாவே. இறைவனைத் தந்தையென அழைப்பதற்கு 1531 இல் சேர்த்த விளக்கமோ, பிள்ளை தன் தந்தையிடம் அச்சமின்றிக் கேட்பதை உவமையாக்கிற்று.

பிள்ளையை வளர்த்தும் இழந்தும் அறிந்தவருக்குத் 'தந்தை' என்பது வெறும் மரபுச்சொல்லாய் நின்றிருக்குமோ?