வெறுங் கிண்ணத்தில் தேநீர்

ஒன்றரை வயதுக் குழந்தையின் முன்னால் ஒரு சின்னஞ் சிறு கிண்ணத்தையும் பொம்மைக் கெண்டி ஒன்றையும் வைத்து, "கொஞ்சம் தேநீர் போட்டுத் தருகிறாயா?" என்று கேட்டால் அது என்ன செய்யும்? பெரும்பாலான குழந்தைகள் வெறுங் கெண்டியைச் சாய்த்து, இல்லாத தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, ருசித்துக் குடித்துவிட்டு, நம் வாயருகிலும் கொண்டு வந்து நீட்டும். நமக்கு இது வேடிக்கை. சிசுக்களின் மனவளர்ச்சியை ஆராய்பவர்களுக்கோ இது ஒரு பரீக்ஷை.

1992-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸைமன் பாரன்-கோஹன் முதலியோர் வெளியிட்ட 'சாட்' என்னும் பரிசோதனையில் இந்தப் பொய்த் தேநீர் ஓர் அங்கமாக இருக்கிறது. அங்கே பொம்மையாக விளங்கும் தேநீர், நம் நீலகிரியில் ஆயிரக் கணக்கான குடும்பங்களுக்கு வாழ்வாக இருக்கிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு இந்தப் பரீக்ஷையால் என்ன பயன் என்பதையே இங்கே சிறிது ஆராய்வோம்.

எதைக் கண்டறியப் பரீக்ஷை?

1943-ம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டாக்டர் லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அக்குழந்தைகள் பிறரோடு உறவாடுவதில் நாட்டமின்றித் தமக்குள்ளேயே ஆழ்ந்திருந்தார்கள். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். வழக்கம் சிறிது மாறினாலும் தவித்தார்கள். இந்த நிலைக்கே 'ஆட்டிஸம்' என்று பெயர். தமிழில் 'மதி இறுக்கம்' என்றும் சொல்லுகிறார்கள். இது தொற்று நோயன்று. மூளை வளரும் விதத்தில் தொடக்கத்திலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. 2018-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நம் நாட்டின் ஐந்து பகுதிகளில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள 3,964 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு குழந்தைக்கு ஆட்டிஸம் இருப்பது தெரிய வந்தது.

இதை நிச்சயிக்க இரத்தப் பரிசோதனை கிடையாது. நிழற்படம் எடுத்தும் காண இயலாது. குழந்தை எப்படி நடந்துகொள்ளுகிறது என்று பார்த்துத்தான் அறிய வேண்டும். வாய் திறந்து பேசாத சிசுவின் மனத்தைப் பார்க்க, விளையாட்டைக் காட்டிலும் நல்ல பலகணி வேறு எது?

'சாட்' பரிசோதனை முக்கியமாக மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. பொய்யாகத் தேநீர் ஊற்றுவது போன்ற பாவனை விளையாட்டு முதலாவது. "அதோ பார்!" என்று நாம் சுட்டும் திசையில் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா என்பது இரண்டாவது. தான் கண்டு மகிழ்ந்ததைப் பிறருக்கும் விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்பது மூன்றாவது. பண்டம் வேண்டும் என்று கை நீட்டுவது வேறு. "நீயும் பார்" என்று காட்டுவது வேறு. நம் தாய்மார்கள் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது குழந்தை நிலாவைப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தையும் திரும்பிப் பார்க்கிறதே, அந்த ஒரு பார்வையில் இரண்டு மனங்கள் ஒரே பொருளில் கூடுகின்றன. ஆட்டிஸம் உள்ள குழந்தைகளிடம் இந்தக் கூட்டுப் பார்வை தாமதமாகவோ குறைவாகவோ தோன்றுகிறது.

ஆட்டிஸம் உள்ள குழந்தையின் தம்பி தங்கைகளுக்கும் அது வரக்கூடிய சாத்தியம் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். அவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு அது காணப்படுகிறதென்று, 1,605 சிசுக்களைத் தொடர்ந்து கவனித்து 2024-ல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. இத்தகைய சிசுக்களை ஆறாவது மாதத்திலிருந்தே விளையாட வைத்துக் கவனிக்கும் முறை ஒன்றைக் கனடாவில் வகுத்திருக்கிறார்கள். கிலுகிலுப்பையைக் கண்கள் தொடர்கின்றனவா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, முகத்தைத் துணியால் மறைத்துச் சட்டென்று விலக்கினால் சிரிக்கிறதா என்றெல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்ளுகிறார்கள்.

நம் நாட்டு அளவுகோல்

இவையெல்லாம் மேனாட்டு வித்தைகள் என்று எண்ணிவிட வேண்டாம். குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பார்க்கும் கண் தமிழருக்கு நெடுங்காலமாக உண்டு. தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, தளர் நடை நடந்து வரும் வாரானை, நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி என்று பிள்ளைத்தமிழ் பருவங்களை வகுத்திருக்கிறது. புலவர்கள் வைத்தியப் பரிசோதனைக்காகப் பாடவில்லை என்பது உண்மையே. ஆயினும் எந்தப் பருவத்தில் எந்த விளையாட்டு என்ற ஞானம் நம்மிடம் புதிதன்று.

அந்த ஞானத்தை எண்ணும் அளவுமாக அமைக்கும் முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பேலி அளவையைப் பரோடாவில் பிரமிளா பாடக் நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்தியமைத்தார். முப்பது மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு அதில் உடல் அசைவைப் பற்றி 67 சோதனைகளும், அறிவு வளர்ச்சியைப் பற்றி 163 சோதனைகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை மணி, பந்து, மரக்கட்டை, கிண்ணம் போன்றவற்றைக் கொண்டு செய்பவை.

குழந்தையின் மனத்தை அளப்பதற்கு முன்னால் உடலை அளந்தார்கள். அந்த வேலைக்கு நீலகிரி பேர்போன இடம். 1918-ல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மக்காரிஸன் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் செழித்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவைத் தின்றவை இளைத்தன. அந்த ஆராய்ச்சிசாலை 1958-ல் ஹைதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது. இன்று அங்கன்வாடிகளில் குழந்தையைத் தராசில் வைத்து எடையைக் குறிக்கிறார்கள் அல்லவா? ஊட்டத்தைப் பற்றிய அந்தக் கவலைக்கு அறிவியல் அடிப்படை தேடிய இடங்களில் குன்னூரும் ஒன்று. உடலுக்கு இவ்வளவு செய்த மலை, மனத்துக்கும் ஏன் செய்யக் கூடாது?

தோட்டத்துக் குழந்தைகள்

தேயிலைத் தோட்டத்தில் தாய் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைச் சரிவுக்குப் போய்விடுகிறாள். மாலையில் அலுத்துத் திரும்பினால் சமையல் காத்திருக்கிறது. குழந்தையின் பகற்பொழுது பிள்ளைக் காப்பகத்து ஆயாவிடம் கழிகிறது. ஐம்பது பெண்களாவது வேலை செய்யும் தோட்டங்களில் காப்பகம் இருக்க வேண்டுமென்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பின்னர் வந்த சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை நிலைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஆயாவுக்கு உண்டு. நாள் முழுவதும் அழாமல், தொந்தரவு செய்யாமல், ஒரு மூலையில் மூடியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளையை 'சமர்த்து' என்று சொல்லிவிடுவது எளிது. அந்தச் சமர்த்தையும் ஒரு தரம் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாராவது கற்பிக்க வேண்டும்.

கற்பிக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு இந்த மலையே விடை சொல்லும். குன்னூரிலுள்ள தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமாகிய உபாஸி, 1970-களிலேயே தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணிக்குப் பழக்கியது. கூடலூரில் ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று, ஆதிவாசி மருத்துவமனையில் தாதியராகப் பணி செய்கிறார்கள். டில்லியிலோ சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் ஒரு மின்பலகையை வீடுகளுக்கு எடுத்துச் சென்று, 131 குழந்தைகளை அதில் விளையாடச் செய்து ஆட்டிஸத்தின் குறிகளைச் சேகரித்திருக்கிறார்கள். டாக்டர் பட்டம் பெற்றவர்தாம் குழந்தையைப் பார்க்கத் தெரிந்தவர் என்பதில்லை.

ஆனால் பரீக்ஷை நியாயமாக இருக்க வேண்டும். நீலகிரியில் தமிழும் படுகும் மலையாளமும் ஆதிவாசி மொழிகளும் வழங்குகின்றன. ஜார்க்கண்ட் முதலிய வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் இருக்கிறார்கள். பீங்கான் கெண்டியைக் கண்டறியாத குழந்தை அதில் தேநீர் ஊற்றவில்லை என்று குறை கூறலாமா? சொப்புச் சட்டியில் சோறு பொங்கச் சொன்னால் அதே குழந்தை அமர்க்களமாகப் பொங்கிப் போடும்! விளையாட்டுப் பொருளும் கேட்கும் மொழியும் குழந்தையின் வீட்டுக்கு உரியவையாக இருத்தல் அவசியம். அழைத்தும் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பதும் அவசியம்.

தீர்ப்பு அன்று, எச்சரிக்கை

இன்னொரு விஷயத்தையும் மறைக்கலாகாது. 'சாட்' பரிசோதனையை இங்கிலாந்தில் 16,235 குழந்தைகளுக்குச் செய்து, ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். ஆட்டிஸம் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 38 பேரைத்தான் அது ஒன்றரை வயதில் காட்டிக் கொடுத்திருந்தது. ஆகவே ஒரு தடவை தேறியதால் கவலை நீங்கியதென்று இருந்துவிடக் கூடாது. தேறாவிட்டால் இடிந்து போவதும் தவறு. மீண்டும் பார்க்க வேண்டும். நிபுணரிடம் காட்ட வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டம், மாவட்டந்தோறும் இதற்கென்று ஆரம்ப நிலைச் சிகிச்சை மையம் ஒன்றை வகுத்திருக்கிறது.

சீக்கிரம் அறிவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஆட்டிஸத்தை அடியோடு போக்கும் மருந்து இல்லை. இருப்பதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2016-ல் வெளியிட்ட பரிசோதனையில், சாதாரணப் பணியாளர்கள் பெற்றோருக்குக் குழந்தையோடு விளையாடும் முறையைக் கற்பித்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கை அறிந்து இணங்கினார்கள். குழந்தைகளும் தாமாகவே உறவாட முன்வந்தார்கள். அறிகுறி தெரிந்தபோதே தொடங்கினால் அத்தனை மாதங்கள் வீணாகாமல் மிஞ்சும்.

"தாய் வேலைக்குப் போனதால் பிள்ளை இப்படி ஆயிற்று" என்று பழி சொல்லுவோர் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. தாயின் அன்புக் குறைவால் ஆட்டிஸம் வருவதாக மேனாட்டு நிபுணர்கள் சிலரே ஒரு காலத்தில் எழுதினார்கள். அது பொய்யென்று எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. நாள் முழுவதும் கொழுந்து பறித்து வயிற்றைக் காப்பாற்றும் தாயின் தலையில் அந்தப் பழியையும் ஏற்றுவது பாவம்.

எல்லாக் குடும்பங்களிலும் ஏற்றுக்கொள்ளக் கூடியது ஒன்றுதான். குழந்தை விளையாடும்போது தினம் பத்து நிமிஷம் அருகில் உட்கார்ந்து பாருங்கள், சேர்ந்து விளையாடுங்கள். ஏதோ ஒன்று உறுத்தினால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று ஆண்டுகளைக் கடத்தாதீர்கள். தோட்ட முதலாளிகளும் சர்க்காரும் செய்ய வேண்டியதற்கோ பெருஞ் செலவு ஒன்றும் இல்லை. காப்பகத்து ஆயாவுக்குச் சில நாள் பயிற்சி, ஒரு பெட்டி சொப்புச் சாமான், எடை எழுதும் நோட்டுப் புத்தகத்தில் கூடுதலாக ஒரு பத்தி. 'இந்த மாதம் என்ன விளையாடியது?' என்பதே அந்தப் பத்தியின் தலைப்பு.