உஷார்! கன்றுக்குக் கழிச்சலா? மிச்சமிருக்கும் மாத்திரையைத் தொடாதீர்கள்!

மாடு வைத்திருப்பவர்களே, ஒரு நிமிஷம்! பெரிய மாட்டுக்கு வாங்கியதில் மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரை வீட்டில் கிடக்கிறதா? கன்று கழிந்தால் அதில் பாதியைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்களா? வேண்டவே வேண்டாம்!

பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் நடந்தது இது. பிறந்து பத்து நாளான கிடேரிக் கன்று மஞ்சளாகக் கழிந்தது. மாட்டு மாத்திரையைப் பொடித்துப் பாலில் கரைத்து ஊற்றினார்கள். நிற்கவில்லை. மறுநாள் அளவைக் கூட்டினார்கள். பாலையும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் கண் குழி விழுந்து, காது சில்லிட்டுப் போனது. டாக்டர் வந்தும் காப்பாற்ற முடியவில்லை.

பால்குடிக் கன்றின் வயிறு வேறு! கன்று ஊட்டும்போது பால் முதல் வயிற்றுக்குப் போகாமல் நேரே நாலாவது வயிற்றுக்கு இறங்கும். பாலோடு போகும் மருந்தும் அப்படித்தான். தீவனம் தின்று முதல் வயிறு வளர வளர, அமாக்சிசிலின் போன்றவை ரத்தத்தில் சேர்வது குறைந்துவிடும். டெட்ராசைக்ளினைப் பாலில் கலந்தால், பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்துக்கொள்ளும். நியோமைசின் பிறந்த சில நாள் கன்றின் உடம்பில் கூடுதலாகச் சேரும். கழிந்து நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தையே கெடுக்கும். மருந்தைச் சமாளிக்கும் ஈரலும் அந்த வயதில் முதிர்ந்திருக்காது.

இன்னொன்றும் கேளுங்கள். நோயில்லாத கன்றுக்குக்கூடச் சில ஆன்டிபயாடிக்குகளை நாள்கணக்கில் வாய்வழியாகக் கொடுத்தால், குடலின் உட்சுவர் கெட்டுக் கழிச்சல் வரும்! ரோட்டா வைரஸால் வந்த கழிச்சலை எந்த ஆன்டிபயாடிக்கும் நிறுத்தாது.

இந்த அறிகுறிகளைக் கண்டால் உஷார்!

• ஊட்ட மறுப்பது
• கண் உள்ளே போவது
• கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் 2 நொடிக்கு மேல் மடிந்தே நிற்பது
• காது, கால், வாய் சில்லிடுவது
• சாணத்தில் ரத்தம்
• எழ முடியாமல் படுத்தே கிடப்பது

ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1962-ஐ அழையுங்கள், அல்லது கால்நடை மருந்தகத்துக்கு ஓடுங்கள். டாக்டர் வரும்வரை, ஊட்டுகிற கன்றுக்குப் பாலை நிறுத்தாதீர்கள். ஓஆர்எஸ் கரைசலை வெதுவெதுப்பாக, பாலுக்கு 2 மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுங்கள். துவண்டு கிடக்கும் கன்றின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்!

கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புதான். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தயவுசெய்து நீங்களாக முடிவெடுக்காதீர்கள்!