பழைய இயங்குதளமா? புதிய இயங்குதளமா?

கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை முதலிய உறுப்புகளைக் கண்ணால் காணலாம், கையால் தொடலாம். இவை வன்பொருள் எனப்படும். இவ்வுறுப்புகளை ஒருங்கிணைத்து வேலை வாங்கும் மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் ஆகியன அவ்வகையைச் சேர்ந்தவை. வன்பொருளை மாற்றும்போது பழகிய இயங்குதளத்தையே வைத்துக்கொள்வதா, புதியதற்கு மாறுவதா என்னும் கேள்வி எழுகின்றது. தில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை போன்ற கணினிச் சந்தைகளில் ‘புதியதையே போடுங்கள்’ என்னும் விடை எளிதில் கிடைக்கும். அவ்விடை பல வேளைகளில் சரியானதே. எல்லா வேளைகளிலும் அன்று.

இயங்குதளம் வன்பொருளுடன் நேரே பேசுவதில்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் ‘சாதன இயக்கி’ என்னும் சிறு மென்பொருள் ஒன்று உண்டு. அது மொழிபெயர்ப்பாளரைப் போன்றது. ஊரிலிருந்து வந்த பாட்டிக்கும், இந்தி மட்டுமே அறிந்த காய்கறிக்காரருக்கும் நடுவே நின்று பேசிய சிறுவருக்கு அதன் அருமை தெரியும். சாதன இயக்கியைப் பெரும்பாலும் அவ்வுறுப்பைச் செய்யும் நிறுவனமே எழுதுகின்றது. எந்த இயங்குதளத்திற்கு இயக்கி எழுதப்படவில்லையோ, அதில் அவ்வுறுப்பு முறையாக இயங்காது. விலை உயர்ந்ததாயினும் பயனில்லை.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைச் செயலிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றிற்குரிய புதிய தாய்ப்பலகைகளை வாங்கியோருள் பலர், தமக்குப் பழகிய விண்டோஸ் 7ஐயே அவற்றில் நிறுவ முற்பட்டனர். நிறுவும் திரை தோன்றி, மொழியைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்டது. ஆனால் சுட்டி அசையவில்லை. விசைப்பலகையும் வேலை செய்யவில்லை. அவை பழுதானவை அல்ல. விண்டோஸ் 7 வெளிவந்த 2009ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. 3.0 என்னும் இணைப்பு முறை கணினிகளில் பரவியிருக்கவில்லை. ஆகவே அதற்குரிய இயக்கி நிறுவல் வட்டில் இடம்பெறவில்லை. புதிய தாய்ப்பலகைகளிலோ, யூ.எஸ்.பி. 2.0 முறைக்கெனத் தனியே இருந்த கட்டுப்பாட்டுப் பகுதி நீக்கப்பட்டிருந்தது. அறிந்தவர்கள் வேண்டிய இயக்கியை நிறுவல் வட்டில் சேர்த்துச் சமாளித்தனர். வட்டவடிவச் செருகி கொண்ட பழைய விசைப்பலகையைத் தேடி எடுத்து மாட்டியவர்களும் உண்டு!

நினைவகத்திலும் இத்தகைய தடை உண்டு. 32 பிட் முகவரியால் 2ஐ 32 முறை பெருக்கிவரும் எண்ணிக்கை அளவுக்கே, அதாவது 4,29,49,67,296 பைட்டுகளுக்கே, முகவரி தர இயலும். இதுவே 4 ஜிகாபைட். அதிலும் ஒரு பகுதி வரைகலை அட்டை முதலிய உறுப்புகளுக்கு ஒதுக்கப்படும். எனவே 32 பிட் விண்டோஸ் 7 உள்ள கணினியில் 8 ஜிகாபைட் நினைவகத்தைப் பொருத்தினாலும் பாதிக்கு மேல் வீணாகக் கிடக்கும். அங்கே 64 பிட் இயங்குதளத்திற்கு மாறுவதே அறிவுடைமை.

பழைய வன்பொருளில் புதிய இயங்குதளத்தை ஏற்றுவதும் எளிதன்று. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தையும் 64 ஜிகாபைட் சேமிப்பிடத்தையும் கேட்கின்றது. அத்துடன் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். இன்டெல் செயலியாயின், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையினதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருத்தல் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பலவும் இவ்விதியால் வெளியே நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 10க்கான இலவசப் பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது.

ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் வருவது நின்றுவிடும். 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டி, விடுவிப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் பணிகளும் தடைப்பட்டன. அத்தீநிரல் புகுந்த குறைக்கான திருத்தத்தை, ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்காத கணினிகளே சிக்கின. ஆகவே இணையத்தில் இணைந்த கணினியில், அதிலும் வங்கிப் பணிகள் நடைபெறும் கணினியில், ஆதரவற்ற இயங்குதளத்தை வைத்திருப்பது தகாது.

அவ்வாறாயின் பழையதற்கு இடமே இல்லையா? உண்டு. திருமண அழைப்பிதழ்களைத் தமிழில் அச்சிடும் சிறு அச்சகங்களில், 2001இல் வெளிவந்த பேஜ்மேக்கர் 7.0 மென்பொருளும், ஒருங்குறிக்கு முற்பட்ட தமிழ் எழுத்துருக்களும் நெடுங்காலம் பயன்பட்டு வந்தன. அவற்றில் செய்த கோப்பைப் புதிய கணினியில் உரிய எழுத்துரு இன்றித் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றும். அத்தகைய வேலைக்கெனப் பழைய கணினி ஒன்றை இணையத்தில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்வதில் பிழையில்லை. ஆயினும் தமிழைப் பொறுத்தவரை புதியது தந்த நன்மையே பெரிது. விண்டோஸ் 98இல் ஒருங்குறித் தமிழுக்கு உரிய ஆதரவு இல்லை. விண்டோஸ் 2000தான் ‘லதா’ எழுத்துருவுடன் அதனைக் கொண்டுவந்தது.

விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத கணினியைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. சுழலும் வன்தட்டிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டைப் பொருத்தி, நினைவகத்தையும் சற்றுக் கூட்டி, லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவினால் அது மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ இவ்வகையைச் சேர்ந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கவல்லது. லினக்ஸில் மற்றொரு வசதியும் உண்டு. அதனை ஒரு விரலியில் பதிந்து, வன்தட்டைத் தொடாமலேயே கணினியை அதிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். வைஃபை இணைகின்றதா, ஒலி கேட்கின்றதா, அச்சுப்பொறி அச்சிடுகின்றதா என்பனவற்றை அப்போதே சோதித்துவிடலாம். மனநிறைவு உண்டானால் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் சேமித்த பின்னரே நிறுவலைத் தொடங்குதல் வேண்டும்.