சிறு தொழிற்கூடத்தில் ஊக்கமும் வெகுமதியும்

முன்னுரை

பாலாற்றுப் பகுதியின் பொருளியல் வாழ்வு தோலோடு பின்னிப் பிணைந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் ஷாப்பையோ காலணித் தொழிற்சாலையையோ அறியாத குடும்பம் அரிது. ஒரே மாவட்டமாக இருந்த இந்நிலப்பகுதி 2019 ஆம் ஆண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆட்சி எல்லைகள் மாறினும் தொழிலுறவு மாறவில்லை.

ஏற்றுமதி செய்யும் பெருநிறுவனங்களைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவற்றின் நிழலில், இருபது முப்பது பேரைக் கொண்டு ஷூவின் மேற்பகுதியாகிய அப்பரைத் தைத்துத் தரும் சிறு கூடங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இக்கூடங்களின் இலாபம் மெலிந்தது. 2008 இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியும், 2020 இன் ஊரடங்கும், 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா சுமத்திய 50 விழுக்காட்டு வரியும் ஏற்றுமதித் தொழிலைத் தாக்கியபோது, அவ்வடி பெரிய கூடத்தைத் தாண்டிச் சிறிய கூடத்தின் கதவையும் தட்டியது.

இத்தகைய கூடத்தில் நன்கு தைக்கக் கற்ற ஒரு பெண் சிறிது கூடுதல் கூலிக்காக வேறிடம் சென்றுவிட்டால், ஒரு வரிசையின் வேலையே தடைப்படும், சரக்கு தாமதமாகும், அடுத்த ஆர்டர் கைநழுவும். முதலாளிக்குக் கூலியை விரும்பிய அளவு உயர்த்த இயலவில்லை. தொழிலாளிக்கோ உழைப்பின் பயன் கண்ணில் படவில்லை. இவ்விரு நெருக்கடிகளுக்கும் இடையே, குறைந்த செலவில் உழைப்போரை ஊக்குவிப்பது எங்ஙனம் என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

வெகுமதிக்கு முன் உரிமை

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கொடுக்க வேண்டிய கடனைக் கொடுப்பது வெகுமதி ஆகாது. 1965 ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் தகுதியுடையோர்க்குக் குறைந்த அளவாக 8.33 விழுக்காடும், மேல் எல்லையாக 20 விழுக்காடும் வகுத்தது. 2019 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வளவுகளையே மேற்கொண்டது. 8.33 விழுக்காடு என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாதக் கூலி. மிகைநேர வேலைக்கு இருமடங்குக் கூலி என்பதை 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நிலைநாட்டியது. வருங்கால வைப்புநிதியும் தொழிலாளர் காப்பீடும் இவற்றைப் போன்றவையே.

இவற்றைக் குறைத்துவிட்டு ஆண்டு விழாவில் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைப் பரிசாக வழங்குவோமாயின், அப்பாத்திரம் பேசாமலே நம்மைக் குற்றம் சாட்டும். உழைத்தவனுக்குரிய கூலியைத் தாமதிக்கலாகாது என்னும் நபிமொழி நம் பகுதியில் சிறுவரும் அறிந்ததே. குறித்த நாளில் குறைவின்றிக் கூலி தருவதே செலவில்லாத முதல் ஊக்கம். ஏழாம் தேதி என்றால் ஏழாம் தேதி கைக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் ஒரு குடும்பம் வாடகையையும் மளிகைக் கடனையும் திட்டமிடுகிறது.

ஆய்வுகள் உணர்த்துவன

மனிதன் பணத்திற்காக மட்டுமே உழைக்கிறானா என்னும் வினாவை மேலைநாட்டு அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகே ஹாத்தார்ன் என்னும் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள் புகழ்பெற்றவை. தொலைபேசிக் கருவிகளை இணைக்கும் சில பெண்களைத் தனியறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி பெரும்பாலும் உயர்ந்தே வந்தது. தம் கருத்தைக் கேட்கிறார்கள், தம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே இதற்குக் காரணம் என எல்டன் மேயோ முதலியோர் விளக்கினர். அவ்விளக்கத்தைப் பின்வந்தோர் மறுத்தும் எழுதினர். கூலி முறையில் செய்த மாற்றத்திற்கும் அதில் பங்குண்டு என்றனர்.

1959 இல் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், ஏறத்தாழ 200 பொறியாளர், கணக்காளர்களை வினவி ஒரு முடிவை வெளியிட்டார். குறைந்த கூலி, மோசமான பணியிடம், கடுமையான மேற்பார்வை ஆகியவை மனக்குறையை விளைவிக்கும். அவற்றைச் சரிசெய்தால் குறை நீங்கும். ஆயினும் ஊக்கம் பிறந்துவிடாது. சாதனை, பாராட்டு, பொறுப்பு ஆகியவையே ஊக்கத்தைப் பிறப்பிக்கும் என்றார் அவர். வினவப்பட்டோர் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. கூலி வாழ்க்கைக்கே போதாதபோது பாராட்டு பசியாற்றாது. எனினும், இரண்டும் வேண்டும் என்னும் உண்மை எங்கும் பொருந்தும்.

நேரமும் மதிப்பும்

நம் சென்னையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்றாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 இல் தோன்றியது. பி.பி. வாடியா தலைமையேற்ற அச்சங்கத்தின் முன் பஞ்சாலைத் தொழிலாளர் வைத்த முதன்மையான குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பது. உண்ணவும் கைகழுவவும் சில நிமிடங்கள்! அதன் விலை சிறிது. அதில் அடங்கிய மதிப்போ பெரிது.

சிறு கூடத்து முதலாளியிடம் பணம் குறைவாக இருக்கலாம். நேரத்தைச் சற்று நெகிழ்த்தும் உரிமை அவரிடமே உள்ளது. மாதனூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பேருந்தேறி வரும் பெண், பிள்ளையின் பள்ளிக் கூட்டத்திற்குச் செல்ல ஒரு மணி நேரம் கேட்டால், அதை மற்றொரு நாளில் ஈடுசெய்ய இசையலாம். நோன்பு மாதத்தில் வேலை நேரத்தை முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிக்கலாம். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், பெருநாள் என அவரவர் திருநாளுக்கு அவரவர் விடுப்பை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இருக்கையும் இத்தகையதே. கடைகளில் நின்றே பணிபுரிவோர்க்கு இருக்கை வேண்டும் எனத் தமிழ்நாடு 2021 இல் சட்டம் இயற்றியது. முதுகு வலிக்காத நாற்காலியும், சுழலும் மின்விசிறியும், தூய குடிநீரும் மேடைப்பேச்சைவிட உரக்கப் பேசும்.

பாராட்டும் பொறுப்பும்

பாராட்டுக்குச் செலவில்லை, ஆனால் அதற்கு இலக்கணம் உண்டு. “எல்லோரும் நன்றாக உழைத்தீர்கள்” என்னும் பொதுமொழி காற்றோடு போகும். “நேற்று அந்தக் கறுப்புத் தோலில் ஊசித்துளை தெரியாமல் தைத்தீர்கள், ஒரு ஜோடிகூடத் திரும்பவில்லை” என்று பெயர் சொல்லிக் கூறினால் அது நெஞ்சில் நிற்கும். குறையைத் தனித்தும், நிறையைப் பலர் முன்னும் சொல்லுதல் நன்று.

ஆளறிந்து வினையை ஒப்படைத்தலைத் ‘தெரிந்துவினையாடல்’ என ஓர் அதிகாரமாகவே வள்ளுவர் வகுத்தார். விளிம்பு சீவும் ஸ்கைவிங் மட்டும் அறிந்தவருக்குத் தையலைக் கற்பிப்பதும், தையல் அறிந்தவரைப் புதியவர்க்கு ஆசிரியராக்குவதும் சிறந்த வெகுமதிகள். திறன் கூடினால் தொழிலாளி வேறிடம் போய்விடுவார் என அஞ்சுவோர் உண்டு. கல்லாதவரை வைத்துக்கொண்டு திரும்பிவரும் சரக்கைப் பிரித்துத் தைப்பதால் வரும் இழப்பையும் அவர்கள் கணக்கிட வேண்டும்.

மிச்சத்தில் பங்கு

பணப் பரிசு வேண்டுமெனில், அது பிறக்கும் இடத்திலிருந்தே எடுக்கலாம். அமெரிக்க எஃகுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்கான்லன், 1930களின் இறுதியில் நலிந்த ஆலைகளுக்காக ஒரு திட்டம் வகுத்தார். தொழிலாளர் கூறும் யோசனையால் செலவு குறைந்தால், அம்மிச்சத்தில் அவர்களுக்கும் பங்கு என்பது அதன் சாரம்.

இதை நம் தொழிலில் வைத்து நோக்குவோம். எடுத்துக்காட்டாக, ஓர் ஆர்டருக்கு 1,000 சதுர அடித் தோல் ஒதுக்கப்பட்டு, வெட்டுவோரின் கவனத்தால் 970 சதுர அடியில் வேலை முடிகிறது எனக் கொள்வோம். சதுர அடி 100 ரூபாய் எனின் மிச்சம் 3,000 ரூபாய். அதில் பாதியைக் குழுவினர்க்குப் பகிர்ந்தாலும் முதலாளிக்கு 1,500 ரூபாய் ஆதாயமே. பிறர் தோலை வாங்கித் தைத்து மட்டும் தரும் கூடமாயின், திரும்பிவரும் ஜோடிகள் குறைவதை அளவாகக் கொள்ளலாம். தரம் குறையாமலிருப்பது முதல் நிபந்தனை. கணக்கை அனைவரும் காணச் சுவரில் எழுதுவது இரண்டாவது.

ஒரு சிறு கணக்கு

24 பேருக்கு மாதம் 12,500 ரூபாய் வீதம் கூலி தரும் கூடத்தைக் கற்பனை செய்வோம். மொத்தக் கூலி 3,00,000 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. இதை மாதந்தோறும் பகிர்ந்தால் தலைக்கு 125 ரூபாய். வந்ததும் தெரியாது, சென்றதும் தெரியாது. சேர்த்துவைத்தால் பள்ளி திறக்கும்போது குடும்பத்திற்கு 400 ரூபாய் வீதம் குறிப்பேடுகளுக்கு 9,600. காலாண்டுக்கு ஒருமுறை புதுத்திறன் கற்றவர்களுக்கு 1,500 வீதம் 6,000. குடும்பத்தினரோடு 96 பேர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் ஆண்டு விருந்துக்கு 12,000. எஞ்சிய 8,400 இருக்கைக்கும் குடிநீருக்கும். எதற்குச் செலவிடுவது என்பதைத் தொழிலாளரே கூடி முடிவு செய்தால் அதன் மதிப்பு இன்னும் உயரும்.

தவிர்க்க வேண்டியவை

வழங்கியதைத் திடீரெனப் பறித்தல் பெருந்தீங்கு. 1917 இல் அகமதாபாதில் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலையதிபர்கள் பிளேக் போனஸ் வழங்கினர். நோய் தணிந்ததும் அதை நிறுத்த முற்பட்டனர். விலைவாசியோ ஏறியிருந்தது. 1918 இல் வேலைநிறுத்தம் மூண்டது; காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். இறுதியில் நடுவர் தீர்ப்பால் 35 விழுக்காட்டு உயர்வு கிடைத்தது. தற்காலிகமான உதவியெனில் அதன் காலத்தையும் காரணத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

பாரபட்சம் மற்றொரு தீங்கு. நாம் அறிந்த ஒரு சிறு கூடத்தில் ‘சிறந்த தொழிலாளி’ பரிசு மும்முறையும் மேற்பார்வையாளரின் உறவினருக்கே சென்றது. நான்காம் முறை கைதட்ட ஆளில்லை. ஒருவரை உயர்த்தி இருபது பேரை வருந்தச் செய்வதினும், குழுவுக்கே பரிசு தருதல் சிறு கூடத்திற்கு ஏற்றது.

மூன்றாவது, உண்மையை மறைத்தல். ஆர்டர் குறையும் காலத்தில் வதந்தி விரைந்து பரவும். ஆட்கள் விலகத் தொடங்குவர். கையில் எத்தனை வாரத்து வேலை உள்ளது என்பதை முதலாளியே வாய்திறந்து சொல்லுதல் நன்று. கடினமான செய்தியைத் தாங்கும் வலிமை உழைப்பவர்க்கு உண்டு. ஏமாற்றப்பட்டோம் என்னும் எண்ணத்தையே அவர்கள் தாங்கமாட்டார்கள்.

முடிவுரை

குறித்த நாளில் கூலி, சட்டம் வகுத்த உரிமை, பெயர் சொல்லிப் பாராட்டு, நேரத்தில் நெகிழ்ச்சி, திறன் வளர்ச்சி, மிச்சத்தில் பங்கு, ஒளிவுமறைவற்ற பேச்சு ஆகிய ஏழும் சிறு கூடத்திற்கு எட்டக்கூடியவையே. இவற்றுள் பெரும்பாலானவை பணப்பெட்டியைவிட முதலாளியின் மனத்தையே மிகுதியும் வேண்டுவன.

இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் பலர், தோல் ஷாப்பில் உழைக்கும் தந்தைக்கும், காலணிக் கூடத்தில் தைக்கும் தாய்க்கும் பிறந்தவர்கள். அவர்களுட் சிலர் நாளை தாமே கூடம் நடத்துவர். அந்நாளில் தம் தாய் எந்தச் சொல்லைக் கேட்க ஏங்கினார் என்பதை நினைவில் கொண்டால், ஊக்குவிக்கும் கலையை அவர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. கூடங்களை நடத்திவரும் பெரியோர்களும் இவற்றுள் ஒன்றையேனும் இவ்வாண்டு தொடங்கிப் பார்க்குமாறு நாம் பணிவுடன் வேண்டுகிறோம்.