எலிக்குப் பலித்த மஞ்சள்!

எங்கள் எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. காற்று திசை மாறினால் மூக்கைத் துளைக்கும் ஃபேக்டரி நெடிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. கொசுவுக்குப் பயப்படுகிற ஆசாமியை மட்டும் நான் பார்த்ததே இல்லை. கூடவே பிறந்து வளர்ந்த ஜீவனிடம் யாராவது பயப்படுவார்களா, என்ன?

அந்த அலட்சியத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் எனக்குக் கிடைத்த பரிசுதான் மலேரியா!

சாயங்காலம் நாலு மணிக்குக் குளிர ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் ரெண்டு போர்வை போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்கும். அப்புறம் உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். கடைசியில் வேர்த்துக் கொட்டி, 'நான் ஒண்ணுமே பண்ணலியே' என்கிற மாதிரி ஜுரம் இறங்கிவிடும். மறுநாள் அதற்கு லீவு. அதற்கடுத்த நாள் அதே நாலு மணிக்கு டாணென்று ஆஜர்! ஷிஃப்ட்டுக்கு இவ்வளவு ஒழுங்காக வருகிற ஆளை எங்கள் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை.

"போய் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

நான் போகவில்லை. மலேரியாவுக்கு மஞ்சள் வேலை செய்கிறது என்று நம்ம விஞ்ஞானிகளே கண்டுபிடித்திருப்பதாக எப்போதோ படித்தது ஞாபகத்தில் இருந்தது.

"விஞ்ஞானியே சொல்லிட்டாரு... அப்புறம் எதுக்கு ஊசியும் கீசியும்? அத்தே, பால்ல மஞ்சளைப் போட்டுக் கொண்டாங்க!" என்றேன் பந்தாவாக. மாப்பிள்ளை தன் வைத்தியத்துக்கு மசிந்துவிட்டதில் மாமியாருக்குப் பரம சந்தோஷம்.

ஆறு நாள் குடித்தேன். நாக்கு மஞ்சளானதுதான் மிச்சம். ஆறாவது நாள் பார்க்க வந்தான் எதிர்வீட்டுப் பையன். எம்.எஸ்ஸி. ஜுவாலஜி.

"நீங்க படிச்சது நிஜம்தான் அங்கிள். ஆனா, அது எலிக்கு!"

"என்னது... எலிக்கா?"

போர்வைக்குள்ளிருந்தே பாடம் கேட்டேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள் ஸார்.

மனுஷனுக்கு வரும் மலேரியாக் கிருமி, சோதனைச்சாலையில் வளர்க்கும் சாதாரண சுண்டெலிக்குத் தொற்றாது. மருந்தை எதில் சோதித்துப் பார்ப்பது? 1948-ல் வழி பிறந்தது. அன்றைய பெல்ஜியன் காங்கோவின் கட்டாங்கா பகுதியில் வின்கே, லிப்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஒரு காட்டெலியின் ரத்தத்தில் எலிகளுக்கே உரிய மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பெயர் 'பிளாஸ்மோடியம் பெர்கி'. வெள்ளைச் சுண்டெலிக்கும் அது தொற்றியது. அன்றிலிருந்து உலகத்திலுள்ள லேப்களில் எல்லாம் சுண்டெலிக்கு ஜுரம்!

நோயுள்ள எலியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, நல்ல எலியின் வயிற்றுக்குள் ஊசியால் ஏற்றுவார்கள். பிறகு வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்ஸா என்ற சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவார்கள். நூறு சிவப்பணுவில் எத்தனைக்குள் கிருமி புகுந்திருக்கிறது என்று கணக்கு. மருந்து சாப்பிட்ட எலிக்கும் சாப்பிடாத எலிக்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்துக்கு மார்க்.

இதில் இன்னொரு கூத்து. பெர்கி கிருமியை எலிக்கு எலி பரப்ப லேப்களில் வழக்கமாக வளர்க்கும் கொசு அனாஃபிலிஸ் ஸ்டீபன்ஸி. யாரென்று தெரிகிறதா? நம்ம சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிட்டு மலேரியா பரப்புகிற அதே அம்மணிதான்! ஆனால், கொசுவின் வயிற்றில் பெர்கி ஒழுங்காக வளர 19-லிருந்து 21 டிகிரிக்குள் ஜில்லென்று இருக்க வேண்டும். எர்ணாவூர் வெயிலில் அந்தக் கிருமி பாச்சா பலிக்காது.

சரி, மஞ்சள் கதைக்கு வருவோம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கோவிந்தராஜன் பத்மநாபன் என்ற உயிர்வேதியியல் விஞ்ஞானி. நம்ம சென்னை பிரசிடென்ஸி காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவர். 1994-லிருந்து 98 வரை அந்தக் கழகத்துக்கே டைரக்டர். அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் மஞ்சளிலிருந்து பிரித்த 'குர்க்குமின்' என்ற பொருளை, பெர்கி தொற்றிய சுண்டெலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி 80-லிருந்து 90 சதவிகிதம் குறைந்தது. 2005-ல் வெளியான முடிவு இது. கவனியுங்கள்... குறைந்தது, ஒழியவில்லை.

2006-ல் அடுத்த கட்டம். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்ட்டீத்தர் ஊசியை ஒரே ஒரு தடவை போட்டால் எலிக்கு ஜுரம் அடங்கும். ஆனால் கிருமி திரும்பத் தலைதூக்கும். அந்த ஊசியோடு மூன்று வேளை குர்க்குமினும் கொடுத்தபோது கிருமி திரும்பவில்லை; ஏறக்குறைய எல்லா எலிகளும் பிழைத்தன. அருமையான ஆராய்ச்சிதான். ஆனால் அதில் மஞ்சள் துணை மாப்பிள்ளை. கல்யாண மாப்பிள்ளை ஊசிதான்!

தவிர, மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்குச் சில பங்குதான். அதிலும் மனுஷக் குடல் உறிஞ்சிக்கொள்வது ரொம்பக் கொஞ்சம். இருபது, இருபத்தைந்து கிராம் சுண்டெலிக்குப் பலித்ததை எழுபது கிலோ ஆசாமி ஒரு டம்ளர் பாலில் எதிர்பார்த்தால்..?

மறுநாளே மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போனேன். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பைசா செலவில்லை. ரிசல்ட்: வைவாக்ஸ் மலேரியா. குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் பதினாலு நாள் என்று சீட்டு.

ஜுரம் மூன்றாம் நாளே ஓடிவிட்டது. ஐந்தாம் நாளோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன். (ஜுரமே இல்லாதபோது மாத்திரை எதுக்கு? - அடியேனின் மேதாவிலாசம்!)

ரெண்டு மாசம் கழித்து... அதே நாலு மணி. அதே குளிர். ஒரு வாரச் சம்பளம் காலி. மனைவி ஒன்றும் பேசவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"புதுசா கொசு கடிச்சிருக்குமோ?" என்றேன் பையனிடம்.

"இருக்கலாம் அங்கிள். ஆனா, நீங்க பாதியில நிறுத்தினதுதான் எனக்கு இடிக்குது. எலியோட கிருமிக்குத் தூங்கத் தெரியாது. உங்க கிருமிக்குத் தெரியும்!"

விஷயம் இதுதான். எலியின் பெர்கி, கல்லீரல் வழியாக ஒரே தடவை போய் ரத்தத்துக்கு வந்துவிடும். வைவாக்ஸ் அப்படியில்லை. அதில் சில கல்லீரலிலேயே பதுங்கித் தூங்கும். வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட எழுந்துவரும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். தூங்குகிறவனைக் கொல்லத்தான் பிரைமாகுயின். அதனால், மலேரியா திரும்ப வருமா என்ற கேள்விக்கு இந்த எலியால் பதில் சொல்லவே முடியாது. அதற்கு விஞ்ஞானிகள் குரங்கிடம் போகிறார்கள்!

இந்தத் தடவை பதினாலு நாளும் முழுங்கினேன். மனைவி காலண்டரில் டிக் அடித்தாள். (கர்ப்பிணிகளுக்கும், 'ஜி6பிடி' என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கும் பிரைமாகுயின் ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.) மொட்டைமாடித் தொட்டிக்கு மூடியும் போட்டாச்சு. அதன்பிறகு நாலு மணி ஆசாமி இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"அப்ப மஞ்சப்பால் வேணாமா மாப்ளே?" என்றார் மாமியார், முகம் சுண்டி.

"கொண்டாங்க அத்தே... ருசிக்குக் குடிக்கிறேன். ஜுரத்துக்கு இல்லே!"

இப்போதெல்லாம் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் தலையில் குட்டிக்கொள்வதற்கு முன்னால், கீழே உட்கார்ந்திருக்கிற வாகனத்துக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். நமக்காக ஜுரத்தில் படுத்த ஜாதியாச்சே!