நாற்பதுக்கு மேல் சட்டபீடம்

1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடிய உச்ச நீதிமன்றம் வழங்கிய சிங் வழக்கின் தீர்ப்பைப் பற்றி மொன்றியல் தமிழர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும். எண்பதுகளில் இந்த நகரத்தில் வந்திறங்கி, “கேஸ் சரிவந்திட்டுதோ?” என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்ட தலைமுறைக்கு, அந்த அகதிக் கேஸ் ஒழுங்கான விசாரணையாக நடந்ததே இந்தத் தீர்ப்பின் பயனால்தான்.

அதற்கு முந்திய நடைமுறை இப்படி இருந்தது. அகதிக் கோரிக்கை வைத்தவரிடம் குடிவரவு அதிகாரி ஒருவர் சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்பார். கேள்வியும் பதிலும் தட்டச்சாகி ஓர் ஆலோசனைக் குழுவுக்குப் போகும். குழுவின் கருத்தைப் பார்த்து அமைச்சர் தரப்பு முடிவு சொல்லும். முடிவெடுத்தவர்கள் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. வெலிக்கடைச் சிறையில் என்ன நடந்தது, ஏன் ஓடிவந்தாய் என்பதெல்லாம் கடதாசியில் இருந்தால் போதும். சீக்கியர்கள் உட்பட ஏழு பேர் இதை எதிர்த்து வழக்காடினார்கள். ஒருவருடைய சொல்லை நம்புவதா இல்லையா என்பதிலேயே வழக்கு தங்கியிருக்கிறது என்றால் அவரை நேரில் கேட்டாக வேண்டும், கனடிய மண்ணில் நிற்கும் எவருக்கும் உரிமைச் சாசனத்தின் 7ஆம் பிரிவு பொருந்தும் என்று எழுதினார் நீதிபதி பேர்த்தா வில்சன். தீர்ப்பளித்த ஆறு நீதிபதிகளும் கோரிக்கையாளர் பக்கமே நின்றார்கள். மூவர் சாசனத்தின் வழியாக, மூவர் பழைய உரிமைச் சட்டத்தின் வழியாக. இதன் விளைவாக 1989 தொடக்கத்தில் குடிவரவு அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது. ஏப்ரல் 4 இப்போதும் கனடாவில் அகதிகள் உரிமை நாள்.

இந்தப் பேர்த்தா வில்சன் யார்? 1923இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, 1949இல் மதகுருவான கணவரோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். ஒட்டாவாவில் பல் வைத்தியர் அலுவலகத்தில் வரவேற்பாளராக வேலை பார்த்தார். 1954இல் ஹலிபாக்ஸ் நகரின் டல்ஹௌசி சட்டபீடத்துக்கு விண்ணப்பித்தபோது வயது 31. பீடாதிபதி அவரைப் பார்த்து, வீட்டுக்குப் போய் நூல் பின்னலாமே என்ற தொனியில் புத்தி சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அவர் போகவில்லை. 1957இல் பட்டம் பெற்றார். 1982இல் கனடிய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 31 எல்லாம் ஒரு வயதா என்று இன்று கேட்கலாம். ஐம்பதுகளில், ஒரு குருவானவரின் மனைவிக்கு அது பேரப்பிள்ளையை எதிர்பார்க்கும் வயதைப்போலத்தான் தோன்றியிருக்கும்.

மொன்றியலில் எங்கள் ஆட்களுக்கும் வயது போன பிறகு சட்டம் படிக்கும் ஆசை இருப்பதை நான் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அது இருபது வருடமாக மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களுக்கே வருகிறது. அகதி விசாரணையில் மொழிபெயர்த்தவர்கள், வீட்டுக்காரனின் நோட்டீசை வாசித்துச் சொன்னவர்கள், அயலவரின் விவாகரத்துக்குச் சட்டத்தரணி தேடிக் கொடுத்தவர்கள். சட்டத்தின் ஓரத்திலேயே நின்று பழகியவர்கள். ஒரு நாள் துணிந்து வாயைத் திறந்தால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, “இந்த வயசில படிச்சு என்ன செய்யப் போறியள்?”

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2008இல் இந்திய பார் கவுன்சில் கொண்டுவந்த விதிகள் ஐந்தாண்டுப் படிப்பில் சேர 20 வயதையும் மூன்றாண்டுப் படிப்பில் சேர 30 வயதையும் உச்சவரம்பாக வைத்தன. வழக்கு மேல் வழக்காக இழுபட்டு, 2017 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வரம்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்கும் முன்னால், 45 வயதைத் தாண்டியவர்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்யவே கூடாது என்று ஒரு விதி இருந்தது. 1995இல் அது செல்லாது என்று தள்ளப்பட்டது. வயதானவர் தொழிலுக்குள் வந்தால் தொழிலின் தரம் கெடும் என்ற நினைப்பு அது. என்ன ஆதாரத்தில் அப்படி நினைத்தார்களோ.

கியூபெக்கில் அப்படி உச்ச வயது எதுவும் இல்லை. மக்கில் பல்கலைக்கழகச் சட்டபீடம் 1848 முதல் நடக்கிறது. கனடாவின் மிகப் பழைய சட்டபீடம். குறைந்தது ஐந்தாண்டு படிப்பை விட்டிருந்தவர்களுக்கு அங்கே முதிர்ந்த மாணவர் என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒன்ராறியோவில் சட்டபீடத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர்கள். கியூபெக்கில் செஜெப் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளை நேராகவே சட்டம் படிக்க வரலாம். ஆகவே நாற்பத்தைந்து வயதுக்காரர் பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளை உட்காரும். ரொறொன்ரோவைவிட இங்கேதான் வயது இடைவெளி உறைக்கும்.

உறைத்தால் உறைக்கட்டும். பீல் தெருவின் மேட்டில், ரயில்பாதை போட்டுப் பணம் சேர்த்த ஒருவரின் பழைய மாளிகையில் மக்கில் சட்டபீடம் இருக்கிறது. உள்ளே படிப்பிக்கும் முறையைப் பார்த்தால் வயது எங்கே கைகொடுக்கும் என்று விளங்கும். 1999 முதல் அங்கே பிரெஞ்சு மரபுக் குடியியல் சட்டத்தையும் ஆங்கில மரபுப் பொதுச் சட்டத்தையும் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே வகுப்பில் ஒன்றோடொன்று வைத்துப் படிப்பிக்கிறார்கள்.

ஓர் உதாரணத்தை எடுங்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் வீட்டுக்கு வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படி. ஜனவரி மாதம், பனி உறைந்து கண்ணாடியாகிக் கிடக்கிறது. கடிதம் கொண்டுவந்தவர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்கிறார். கீழ்வீட்டில் உரிமையாளர், மேல்வீட்டில் வாடகைக்காரர். யார் பொறுப்பு? கியூபெக் குடியியல் சட்டக்கோவையில் 3,000க்கு மேற்பட்ட பிரிவுகள் இருந்தாலும் இதற்கு முதலில் புரட்டுவது 1457ஆம் பிரிவை: ஒவ்வொருவரும் பிறருக்குத் தீங்கு வராதபடி நடக்கக் கடமைப்பட்டவர், தவறினால் இழப்பை ஈடுசெய்ய வேண்டும். ஒரே பிரிவு, பாதி நகரத்து வழக்குகள் அதில் ஏறி நிற்கின்றன. பக்கத்திலேயே ஆங்கில மரபு வைக்கப்படும்: கவனமாக நடக்கும் கடமை யார் யாருக்கு உண்டு என்று பழைய தீர்ப்புகளைத் தொட்டுத் தொட்டு வரும் வழி. பத்தொன்பது வயதுப் பிள்ளை இரண்டையும் அழகாக ஒப்பிட்டு எழுதும். வாடகைப் படிவத்தில் பனி அள்ளுவது யார் வேலை என்று ஓர் இடம் இருக்கிறதே, அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கத் தோன்றுவது, உப்பு வாளியோடு அந்தப் படியில் இருபது குளிர்காலம் ஏறி இறங்கியவருக்கு.

யாழ்ப்பாணத்தவருக்கு வேறொரு முதலும் உண்டு. இதைப் பற்றி யாரும் எழுதிக் காணேன். 1774இல் பிரித்தானியர் கியூபெக்கில் பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தைத் தொடர விட்டார்கள். ஏறத்தாழ அதே மாதிரித்தான் எங்கள் தேசவழமைச் சட்டமும் பிழைத்தது. ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் ஊர் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைச் சரிபார்த்தார்கள். 1707இல் அது சட்டமானது. பிறகு வந்த பிரித்தானியர் 1806இல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஆள்பவன் மாறியும் சொத்துச் சட்டம் மாறாத இரண்டு ஊர்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவருக்குக் கியூபெக் திருமணச் சொத்து முறை வேற்று நாட்டுச் சங்கதியாகத் தெரியாது. 1970 ஜூலை முதல் இங்கே வேறு ஒப்பந்தம் செய்யாத தம்பதிக்குத் தானாகப் பொருந்தும் முறை, திருமணத்துக்குப் பின் சம்பாதித்ததை வேறாகவும் முன்பே இருந்ததையும் முதுசமாக வந்ததையும் வேறாகவும் பிரிப்பது. தேடியதேட்டத்தின் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். கறையும் பொதுவானதுதான்: தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; கியூபெக்கில் மணமான பெண்ணுக்கு 1964 வரை தனித்த சட்டத் தகுதியே முழுமையாக இல்லை.

நொத்தாரிசு விஷயமும் அப்படித்தான். ரொறொன்ரோவில் வீடு வாங்கினால் சட்டத்தரணியிடம் போக வேண்டும், மொன்றியலில் நொத்தாரிசிடம். ஊரில் உறுதி முடிக்க நொத்தாரிசு வீட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கியூபெக்கில் அது தனித் தொழில், சட்டப் பட்டத்துக்கு மேல் நொத்தாரிசுச் சட்டத்தில் முதுகலைப் படிப்பும் வேண்டும். நீதிமன்றத்தில் நின்று வாதாட மனமில்லாத ஐம்பது வயதுக்காரருக்கு அது நல்ல வழி. மரணசாசனமும் வீட்டு உறுதியும் திருமண ஒப்பந்தமும் எழுதத் தமிழ் தெரிந்த ஒருவர் எந்தத் தமிழ்க் குடியிருப்பிலும் தேவைப்படுவார்.

சரி, வயது இடிக்காது என்றால் இடிப்பது எது?

மொன்றியலில் இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1911இல் மக்கில் சட்டபீடத்தில் 24 வயதில் சேர்ந்தார் ஆனி மக்டொனால்ட் லாங்ஸ்டாஃப். கணவனைப் பிரிந்தவர், கையில் ஒரு பெண் குழந்தை, சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் சுருக்கெழுத்து வேலை. 1914இல் முதல் வகுப்பில் தேறி, கியூபெக்கில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். பல்கலைக்கழகம் பட்டத்தைக் கொடுத்தது. ஆனால் தொழில் தொடங்க, சட்டத்தரணிகள் சங்கமான பாரின் பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவே அவரை எழுத விடவில்லை. நீதிமன்றம் போனார், தோற்றார், மேன்முறையீட்டிலும் தோற்றார். கியூபெக் தன் பாரைப் பெண்களுக்குத் திறந்தது 1941இல். தன் வாழ்நாளில் அவர் சட்டத்தரணி ஆகவில்லை. அலுவலகத்தில் தொடர்ந்து வேலை பார்த்தார், 1937இல் ஆங்கில, பிரெஞ்சுச் சட்ட அகராதி ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார், 1975இல் இறந்தார். பல்கலைக்கழகம் திறக்கும் கதவு வேறு, தொழில் சங்கம் திறக்கும் கதவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

இன்று அந்த இரண்டாவது கதவின் பெயர் பிரெஞ்சு. மக்கிலில் தேர்வையும் கட்டுரையையும் ஆங்கிலத்தில் எழுதலாம். பிரெஞ்சை வாசித்து விளங்கினால் சமாளிக்கலாம். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடவும் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பே உரிமை தருகிறது. இருந்தும் சட்டத்தரணிக்கான அனுமதிப் பத்திரத்தைப் பெற, தொழிலுக்குப் போதுமான பிரெஞ்சு தெரியும் என்று காட்ட வேண்டும். 1977இன் பிரெஞ்சு மொழிச் சாசனம் அப்படிச் சொல்கிறது. இங்கே உயர்நிலைப் பள்ளி முடித்த எங்கள் பிள்ளைகளுக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. அவர்கள் தமிழைவிடப் பிரெஞ்சில் வேகமாகச் சண்டை பிடிப்பார்கள். நாற்பதில் தொடங்கும் தாய் தகப்பனுக்குத்தான் தலைவலி. வந்த புதிதில் கோஃபி எனப்பட்ட குடிவரவாளர் மொழி வகுப்பில் சில மாதம் படித்துவிட்டு ஹோட்டல் குசினிக்கும் தையல் தொழிற்சாலைக்கும் போனவர்கள் அவர்கள். வேலைத்தலத்துப் பிரெஞ்சு தெரியும். சட்டம் எழுதும் பிரெஞ்சு தெரியாது. ஊரில் சட்டத்தரணியாக இருந்துவிட்டு வந்தவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை. கியூபெக் பாரின் சமநிலைக் குழு அவர்களுடைய பழைய பட்டத்தை எடைபோட்டுக் குறைக்குப் பாடம் விதிக்கும். அவர்களும் மறுபடி வகுப்புக்குப் போகத்தான் வேண்டும், பிரெஞ்சையும் காட்டத்தான் வேண்டும்.

இது அநியாயமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்சிக்காரர் பிரெஞ்சில் அழும்போது மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிற சட்டத்தரணியை நானே வைத்துக்கொள்ள மாட்டேன். அகதி விசாரணையில் எங்களுக்குத் தமிழ் தெரிந்தவர் இல்லையே என்று ஒரு காலத்தில் ஏங்கியவர்கள் நாங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை இந்த நகரம் இரக்கமுள்ளது. கியூபெக் வாசிக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் டொலர் கட்டணம். ரொறொன்ரோ பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் அது 30,000க்கு மேல். மாகாண அரசின் கடனும் உதவித்தொகையும் உண்டு. காலம்தான் கூடுதல் விலை. சட்டப் பட்டம், பார் பள்ளி, ஆறு மாதப் பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்தாண்டு. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, இரவு வேலையையும் வைத்துக்கொண்டு முழுநேரம் படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணவனோ மனைவியோ ஒரு சம்பளத்தில் வீட்டைத் தாங்க ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும்; அந்தப் பேச்சை விண்ணப்பத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

மொழிப் படிப்புக்குச் செலவில்லை. 2023 ஜூனில் தொடங்கிய பிரான்சிசாசியோன் கியூபெக் என்ற அரச அமைப்பு வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது. 2024 இலையுதிர்காலத்தில் நிதி போதாமல் பல வகுப்புகளை மூடினார்கள் என்பதும் உண்மை. அதனால் காத்திருப்பு நீளும். சட்டபீட விண்ணப்பத்தைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம். பிரெஞ்சு வகுப்புக்குப் பெயரை இந்தக் கிழமையே பதிந்துவிடுங்கள்.