கமரா பழுதா, மூடிக் கிடக்கிறதா?

கண்டி வீதியோரம் உள்ள எங்கள் கப்பல்துறையில், கடல் கடந்து போன கணவரையும் பிள்ளைகளையும் கணினித் திரையில் பார்த்துக் கதைக்கும் பெண்கள் பலர். இடம்பெயர்ந்த நாட்களில் ஒரு கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இவர்கள். திடீரென்று கமரா வேலை செய்யாவிட்டால், "அக்கா, மகனுக்கு என்ர முகம் தெரியுதில்லையாம்" என்று என்னிடம் வருவார்கள்.

கூலி வேலை செய்யும் ஒரு தாயிடம், கடையொன்றில் புதுக் கமரா வாங்கச் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்தபோது லென்சுக்கு முன்னால் இருக்கும் சிறிய மூடி பூட்டிக் கிடந்தது. விரலால் தள்ளியதும் படம் வந்தது.

ஆகவே காசு கொடுக்க முன் நாமே சிலவற்றைப் பார்க்கலாம். வெளியே பொருத்தும் கமராவானால் யூஎஸ்பி வயரைக் கழற்றி வேறொரு துளையில் செருகுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு புரோகிராம்கள் கமராவைக் கேட்டால், பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் கிடைக்கும், மற்றதை மூடிவிடுங்கள். அல்லது கணினியை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும் என்பது என் அனுபவம்.

அடுத்தது அனுமதி. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி என்ற பகுதியில் கமரா என்றொரு இடம் உண்டு. அங்கே 'ஓஃப்' என்றிருந்தால் எத்தனை தரம் அழைத்தாலும் முகம் தெரியாது. பிரவுசர் வழியாகக் கதைப்பவர்கள் அதிலும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும்.

மிகப் பழைய கமராக்கள் சிலவற்றுக்குப் புதிய விண்டோஸுக்கேற்ற டிரைவர் கிடைப்பதில்லை. அப்படியானால் மாற்றத்தான் வேண்டும். இன்னும் சிலர் ஸ்கைப் திறக்கவில்லை என்று கமராவைக் குறை சொல்கிறார்கள். 2003இல் தொடங்கிய ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. கமரா என்ன செய்யும்? வட்ஸ்அப்புக்கோ வேறொன்றுக்கோ மாற வேண்டியதுதான்.

திருத்த வருபவரிடம் கடவுச்சொல்லையும் சொல்லிக் கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். தனித்து வாழும் பெண்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தேவையென்றால் நீங்களே அதைத் தட்டி, வேலை முடியும்வரை பக்கத்தில் இருங்கள். நீங்கள் அழைப்பில் இல்லாதபோதும் கமராவின் சிறு விளக்கு எரிந்தால், ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பாவிக்கிறது என்று அர்த்தம். உடனே வயரைக் கழற்றுங்கள். மடிக்கணினியானால் லென்சின் மேல் ஒரு கடதாசித் துண்டை ஒட்டிவிட்டு, எந்தப் புரோகிராம் என்று பாருங்கள்.